பார்பரெஸ்கோ கூட்டுறவு ஒயின் ஆலை: தோட்டக்காரர் கொண்டுவரும் நெபியோலோ திராட்சைக்கு விலை எப்படிப் போடுகிறார்கள்?

மலைச்சரிவு

இத்தாலியின் பியெமோன்தே பகுதியில், ஆல்பா நகரை ஒட்டியுள்ள பார்பரெஸ்கோவில் சிறு தோட்டக்காரர்கள் சேர்ந்து நடத்தும் கூட்டுறவு ஒயின் ஆலையைப் பற்றித்தான் கேட்கிறேன். 1958இல் ஊர்ப் பாதிரியார் தொன் ஃபியொரினோ மரெங்கோ 19 விவசாயிகளைக் கூட்டித் தொடங்கியது, முதல் சில ஆண்டுகள் தேவாலய நிலவறையில் ஒயின் செய்தது, இன்று 50க்கும் மேற்பட்ட குடும்பங்கள் உறுப்பினராக இருப்பது வரை படித்துவிட்டேன். உள்நடைமுறைதான் எங்கும் தெளிவாகக் கிடைக்கவில்லை.

ஒருவர் வெயில் நன்றாக விழும் தெற்குச் சரிவில் வைத்திருப்பார், இன்னொருவர் சுமாரான இடத்தில். ஒருவர் குலைகளைக் குறைத்து வளர்ப்பார், இன்னொருவர் வருவதெல்லாம் வரட்டும் என்று விட்டுவிடுவார். எல்லாம் ஒரே தொட்டிக்குப் போகும்போது எடையை மட்டும் பார்த்துப் பணம் கொடுத்தால் நன்றாக உழைப்பவர் ஏமாந்துபோவார். சர்க்கரை அளவை மட்டும் பார்த்தாலும் கோளாறு வரும் என்றே படுகிறது. நல்ல கூட்டுறவுகள் இதை எப்படிச் சமாளிக்கின்றன? தோட்டத்திலும் ஆலை வாசலிலும் எதை அளக்கிறார்கள், எங்கே தவறு நடக்கிறது? விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

தொட்டிக்காவல்

நீங்கள் சொல்லும் ஆலையின் பெயர் ப்ரொதுத்தோரி தெல் பார்பரெஸ்கோ. அதற்கு ஒரு முன்னோடியும் உண்டு. ஆல்பாவின் அரசு ஒயின் பள்ளிக்குத் தலைவராக இருந்த தொமிட்சியோ கவாட்சா 1894இல் ஒன்பது தோட்டக்காரர்களைச் சேர்த்து ஒரு கூட்டுறவு தொடங்கினார். அதுவரை இங்கு விளைந்த நெபியோலோ பெரும்பாலும் பரோலோ என்ற ஒயினைச் செய்பவர்களுக்கு விற்கப்பட்டது. பார்பரெஸ்கோ என்று தனிப் பெயர் நிலைத்ததில் அவர் பங்கு பெரிது. பாசிச ஆட்சியின் பொருளாதார விதிகளால் 1920களில் அது மூடப்பட்டது. 1958இல் நடந்தது அதன் மறுதொடக்கம்.

கூட்டுறவின் முதுகெலும்பு ஒரே ஒரு நிபந்தனைதான்: உறுப்பினர் தன் நெபியோலோ முழுவதையும் ஆலைக்கே கொடுக்க வேண்டும். நல்ல சரிவின் குலைகளை வெளியாருக்கு விற்றுவிட்டு மிச்சத்தைச் சங்கத்துக்கு அனுப்பும் வழி அடைபட்டால்தான் மற்ற எல்லாக் கணக்கும் நிற்கும். இந்த நிபந்தனை தளர்வாக இருக்கும் சங்கங்களில் நாளடைவில் ஒயின் தரம் இறங்கிவிடும்.

விலைக்கு வருவோம். கூட்டுறவில் அறுவடை நாளன்று யாருக்கும் 'விலை' தெரியாது. தெரிவது புள்ளி மட்டும். ஒவ்வொரு வண்டியின் எடையையும் தரக் குறியீட்டால் பெருக்கிப் புள்ளியாக்குவார்கள். ஒயின் விற்ற வருமானத்திலிருந்து செலவைக் கழித்து, மிஞ்சியதை மொத்தப் புள்ளிகளால் வகுத்தால் ஒரு புள்ளிக்கு எத்தனை யூரோ என்று வரும். வெறும் உதாரணத்துக்கு: ஒருவர் 8,000 கிலோ கொண்டுவருகிறார், குறியீடு 0.95 என்றால் 7,600 புள்ளி. அடுத்தவர் 6,800 கிலோதான், ஆனால் குறியீடு 1.12, அவருக்கு 7,616. இவர் 1,200 கிலோ குறைவாகக் கொண்டுவந்தும் பணம் ஏறத்தாழ ஒன்றே. இந்த இரண்டு எண்களுக்கு இடையே உள்ள தூரம்தான் சங்கத்தின் கொள்கை. குறியீடு 0.98க்கும் 1.02க்கும் நடுவில் மட்டும் ஆடினால் யாரும் குலை குறைக்க மாட்டார்கள்.

குறியீட்டில் என்னென்ன சேரும்? சர்க்கரை முதலில். இத்தாலியில் இதைப் பாபோ அளவில் சொல்வார்கள், அதாவது 100 கிலோ சாற்றில் எத்தனை கிலோ சர்க்கரை என்ற கணக்கு. பிரிக்ஸ் என்ற இன்னொரு சர்க்கரை அளவை 0.85ஆல் பெருக்கினால் ஏறத்தாழ பாபோ வரும். 20 பாபோ என்பது 23.5 பிரிக்ஸ். அடுத்து pH, மொத்தப் புளிப்பு, அழுகல் அளவு, தோலின் நிறமி.

சர்க்கரைக்கு மட்டும் காசு என்ற பழைய முறை, நெபியோலோ பழுக்கத் தடுமாறிய குளிர்ந்த ஆண்டுகளுக்குப் பொருந்தியது. அப்போது சர்க்கரை அதிகம் என்றால் தோலும் விதையும் பழுத்திருக்கும் என்று நம்பலாம். வெப்பமான ஆண்டுகளில் சர்க்கரை முந்திவிடுகிறது, டானின் (தோலிலும் விதையிலும் உள்ள துவர்ப்பு) பின்தங்குகிறது. சர்க்கரைக்கு மேலும் மேலும் கூடுதல் காசு கொடுத்தால், தோட்டக்காரர் குலையைக் கொடியிலேயே வாட விடுவார். எடை குறையும், புளிப்பு இறங்கும், ஆல்கஹால் ஏறும். ஆகவே கூடுதல் தொகைக்கு ஓர் உச்சவரம்பு தேவை. என் கருத்தில் 21 பாபோவுக்கு மேல் ஒரு சென்ட்கூடக் கூட்டக் கூடாது.

கொடிவெட்டு

மேலே சொன்னது ஆலைப் பக்கம். தோட்டத்துக் கணக்கைப் பார்க்காமல் குறியீடு புரியாது, ஏனென்றால் தரத்தின் பெரும்பகுதி குளிர்காலக் கவாத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது.

பார்பரெஸ்கோ விதிநூல் (அந்தப் பெயரில் ஒயின் விற்கப் பின்பற்ற வேண்டிய விதிகள்) ஹெக்டேருக்கு 8 டன் வரைதான் அனுமதிக்கிறது. 70 விழுக்காடு சாறு என்றால் 5,600 லிட்டர். புதிதாக நடும் தோட்டத்தில் ஹெக்டேருக்குக் குறைந்தது 3,500 கொடி இருக்க வேண்டும். நடைமுறையில் 4,500 என்று வைத்துக்கொள்ளுங்கள். 8,000 கிலோவை 4,500ஆல் வகுத்தால் கொடிக்கு 1.78 கிலோ. ஒரு நெபியோலோ குலை சராசரி 280 கிராம் என்றால் கொடிக்கு ஆறு குலை, மிஞ்சினால் ஏழு. இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் கத்தரிக்கோலை எடுக்க வேண்டும்.

நெபியோலோவின் தனிக்குணம்: ஒரு கிளையின் அடியில் உள்ள முதல் இரண்டு மூன்று மொட்டுகள் காய்ப்பதில்லை. இரண்டு மொட்டு விட்டுக் குட்டையாக வெட்டும் முறை இதற்கு ஆகாது. வெறும் இலைதான் வரும். அதனால்தான் இந்தப் பகுதியின் லாங்கே குன்றுகளில் கியோ முறை: ஓராண்டு முதிர்ந்த ஒரே ஒரு நீண்ட கிளையை 8 முதல் 10 மொட்டுடன் விட்டுக் கம்பியில் வளைத்துக் கட்டுவது, அடுத்த ஆண்டுக்கென இரண்டு மொட்டுள்ள ஒரு குட்டைமுளை. 9 மொட்டில் அடி மூன்றைக் கழித்தால் ஆறு காய்க்கும் தளிர். தளிருக்கு ஒரு குலை என்றால் மேலே போட்ட ஆறு வந்துவிடுகிறது. ஆனால் நெபியோலோ தளிருக்கு இரண்டு குலை போடும். அந்த இரண்டாவதுதான் வெட்டிக் கீழே போட வேண்டியது.

எப்போது வெட்டுவது என்பதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். காய் பட்டாணி அளவில் இருக்கும்போது வெட்டினால், மிஞ்சிய காய்கள் பருத்து இழப்பை ஈடுகட்டிவிடும். குலை நெருக்கமாகும், நடுவில் காற்றுப் புகாது, செப்டம்பர் மழையில் அழுகல் உள்ளிருந்து தொடங்கும். உழைப்பும் போயிற்று, தரமும் போயிற்று. காய் நிறம் மாறத் தொடங்கும் வேளையில், ஜூலை இறுதியிலிருந்து ஆகஸ்ட் நடுவரைக்குள் வெட்டினால் பின்தங்கிப் பச்சையாக நிற்கும் குலை எது என்று கண்ணுக்கே தெரியும். அதோடு குலையின் 'தோள்' என்று பக்கத்தில் பிரிந்து நிற்கும் சிறுகொத்தையும் நுனியையும் நறுக்கிவிட வேண்டும், அவை கடைசியாகப் பழுப்பவை.

இலை கிள்ளுவதை வரிசையின் கிழக்குப் பக்கத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மேற்குப் பக்கம் ஆகஸ்டில் திறந்துவிட்டால் மாலை வெயிலில் தோல் வெந்துவிடும். வெந்த தோலில் நிறமி கிடைக்காது. நெபியோலோவுக்கு இயல்பிலேயே நிறமி குறைவு.

இன்னொன்று. ஃபிளாவெசென்சா தொராதா என்ற மஞ்சள் நோய் பியெமோன்தேயில் தீவிரமாக இருக்கிறது. ஸ்காஃபொய்தேயுஸ் தித்தானுஸ் என்ற தத்துப்பூச்சி பரப்புவது. இதற்குக் கோடையில் மருந்தடிப்பது சட்டப்படி கட்டாயம், பூக்கும் சமயத்தில் தேனீக்களுக்காக அடிக்கக் கூடாது. நோய் கண்ட கொடியை வேரோடு பிடுங்க வேண்டும். இலையை வெட்டிவிட்டால் போதும் என்று நினைப்பது தவறு. பக்கத்துத் தோட்டம் கைவிடப்பட்டுக் கிடந்தால் உங்கள் மருந்து வீண். இங்கேதான் சங்கத்தின் வேளாண் ஆலோசகர் பயன்படுகிறார்: ஒரு சரிவு முழுவதும் ஒரே வாரத்தில் மருந்தடிக்க ஏற்பாடு செய்ய அவரால்தான் முடியும்.

மலைச்சரிவு

அடி மொட்டு காய்க்காது என்பதும் குலைக் கணக்கும் நான் தேடியதற்கு நேர் விடை. நன்றி.

இரண்டு சந்தேகம். ஆலை வாசலில் ஒரு வண்டியின் சர்க்கரையும் அழுகலும் நியாயமாக அளக்கப்பட்டதா என்று தோட்டக்காரர் எப்படி நம்புவது? ஒயின் மூன்றாண்டு கழித்துத்தான் விற்பனைக்கு வரும் என்றால், அதுவரை அவர் எதை வைத்துக் குடும்பம் நடத்துவார்?

தொட்டிக்காவல்

வாசல் விஷயத்தை நான் சொல்கிறேன். பணத்தைப் பற்றி ஏட்டுக்கணக்கு என்ற நண்பர் எழுதினால் நன்றாக இருக்கும்.

வாசலுக்கு வரும் முன்பே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும். அறுவடைக்கு மூன்று நான்கு வாரம் முன்பிருந்து ஒவ்வொரு தோட்டத்திலும் 200 காய் மாதிரி எடுப்பார்கள். வரிசையின் இரு பக்கமும், குலையின் மேல், நடு, நுனி மூன்று இடத்திலும் கிள்ள வேண்டும். வரிசையின் கடைசிக் கொடிகளைத் தவிர்க்க வேண்டும், அவை மற்றக் கொடிகளைப் போலப் பழுப்பதில்லை. கண்ணைக் கவரும் காய்களை மட்டும் பறித்தால் உண்மையைவிட ஒரு பிரிக்ஸ் கூடுதலாகக் காட்டும். அந்த மாதிரியில் அளந்ததும் வண்டியில் அளந்ததும் பொருந்தவில்லை என்றால் யாரோ தவறியிருக்கிறார்கள் என்று பொருள்.

வாசலில் முதலில் எடைமேடை, பிறகு துளைக்குழாயால் வண்டியின் பல இடங்களில், அடிவரை இறக்கி மாதிரி. வண்டியின் அடியில் தேங்கிய சாற்றை மட்டும் மொண்டு அளப்பது பெரிய பிழை. நசுங்கிய பழம் எது என்பதைப் பொறுத்து அது ஒரு பக்கம் சாய்ந்துவிடும். பெரிய வண்டியில் குவித்துக் கொண்டுவராமல் 20 கிலோ பெட்டிகளில் வந்தால் இந்தத் தகராறே குறையும், பழமும் நசுங்காது.

ரிஃப்ராக்டோமீட்டர் என்ற சர்க்கரை அளக்கும் கருவி 20 டிகிரி செல்சியஸுக்கு அளவிடப்பட்டது. சாறு அதைவிடச் சூடாக இருந்தால் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.07 பிரிக்ஸ் குறைத்துக் காட்டும். 30 டிகிரிச் சாற்றில் 0.7 பிரிக்ஸ் காணாமல் போகும், அதாவது 0.6 பாபோ. விலைப் பட்டியலில் அது ஒரு படி. வெப்பத் திருத்தம் தானாக நடக்கும் கருவியா என்று தோட்டக்காரர் கேட்பதில் தவறே இல்லை. காலையில் பறித்தவர், மாலையில் பறித்தவர் இருவருக்கும் அளவு ஒன்றாக விழ வேண்டும் அல்லவா?

மழை நின்ற சில மணி நேரத்தில் பறித்தால் காய்மேல் ஒட்டிய நீரும் எடையில் ஏறும், சர்க்கரையும் இறங்கும். நல்ல சங்கம் அன்று கதவைத் திறக்காது.

அழுகலைக் கண்ணால் மட்டும் மதிப்பிட்டால் சண்டைதான். இப்போது அகச்சிவப்புக் கருவி இரண்டு நிமிடத்துக்குள் சர்க்கரை, pH, புளிப்பு, குளுக்கோனிக் அமிலம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. ஆரோக்கியமான பழத்தில் குளுக்கோனிக் அமிலம் மிகச் சொற்பம். லிட்டருக்கு 1 கிராமைத் தாண்டினால் சாம்பல் அழுகல் உறுதி. அந்தப் பூஞ்சை விடும் லாக்கேஸ் என்ற நொதி நிறமியைத் தின்றுவிடும். நெபியோலோவின் நிறமி எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும் வகை என்பதால் பாதிப்பு இரட்டிப்பு. ஒயின் கெடாமல் இருக்கச் சேர்க்கும் சல்ஃபர் டை ஆக்சைடு லாக்கேஸை முழுதாக அடக்காது. ஒரு வண்டி அழுகல் ஒரு தொட்டியையே பழுப்பாக்கிவிடும். ஆகவே அழுகலுக்குக் காசைக் குறைத்தால் போதாது, தனித் தொட்டிக்கு அனுப்ப வேண்டும் அல்லது திருப்பி அனுப்ப வேண்டும். உறவுக்காரர், அடுத்த வீட்டுக்காரர் என்று முகம் பார்க்கும் இடத்தில் இது கடினம். கருவியின் எண் அச்சாகித் தோட்டக்காரர் கைக்கு வருவதன் அருமை அங்கேதான் தெரியும்.

ஏட்டுக்கணக்கு

பணத்தைப் பற்றி.

பார்பரெஸ்கோ குறைந்தது 26 மாதம் முதிர வேண்டும், அதில் 9 மாதம் மரப்பீப்பாயில். அறுவடை ஆண்டின் நவம்பர் 1இலிருந்து எண்ணுவார்கள். 2021 அறுவடை 2024 ஜனவரி 1க்கு முன் கடைக்கு வர முடியாது. ரிசெர்வா (கூடுதல் காலம் முதிர்விக்கும் வகை) என்றால் 50 மாதம், அதே 2021 அறுவடை 2026 ஜனவரியில்தான். இந்த இடைவெளியைச் சங்கம் தாங்குகிறது: பழம் கொடுத்த பிறகு தவணையாக முன்பணம், ஆண்டுக் கணக்கைப் பொதுக்குழு ஒப்புக்கொண்டதும் மீதி. பீப்பாயில் இருக்கும் ஒயினை இருப்பாக மதிப்பிட்டு, வங்கிக் கடனையோ உறுப்பினர்கள் சங்கத்தில் போடும் வைப்பையோ வைத்து முன்பணம் கொடுப்பார்கள். சீக்கிரம் விற்கக்கூடிய லாங்கே நெபியோலோ என்ற இளைய ஒயின் இங்கே பெரிய துணை. கையில் காசு புரள்வது அதனால்தான். இருப்பை அதிகமாக மதிப்பிட்டு முன்பணத்தைத் தாராளமாக விட்டால் விற்பனை சரியும் ஆண்டில் மீதித்தொகை பூஜ்யமாகும். உறுப்பினர்கள் விலகத் தொடங்குவது அப்போதுதான்.

தனியார் ஆலைக்கு விற்பவரின் நிலை வேறு. 2021ஆம் ஆண்டின் 198ஆம் எண் ஆணைச் சட்டப்படி, பழம் ஒப்படைக்கும் முன்பே எழுத்து ஒப்பந்தம் வேண்டும்: அளவு, தரம், விலை, ஒப்படைக்கும் முறை, பணம் தரும் முறை எல்லாம் அதில் இருக்க வேண்டும். பொதுவாகக் குறைந்தது 12 மாத ஒப்பந்தம். அழுகும் பொருளுக்கு 30 நாளுக்குள் பணம். தன் சங்கத்துக்கே உறுப்பினர் கொடுக்கும் பழத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, அது விற்பனையாகக் கருதப்படுவதில்லை. அங்கே துணைவிதிதான் வேதம். ஆகவே சேருமுன் துணைவிதியை வரி வரியாகப் படிக்க வேண்டும்: எத்தனை ஆண்டு கட்டுப்பாடு, விலகினால் பங்குத்தொகை எப்போது திரும்பும், வெளியே விற்றால் என்ன அபராதம் என்று. வாக்கு பொதுவாக ஆளுக்கு ஒன்றுதான், எத்தனை ஹெக்டேர் இருந்தாலும்.

தனியார் ஒப்பந்தத்தில் ஒரு பொறி உண்டு. கிலோ விலை பேசிவிட்டு, 'குலையைக் குறைத்து 6 டன்னோடு நிறுத்துங்கள்' என்பார்கள். கிலோ 3 யூரோ என்று வைத்தால் 8 டன்னுக்கு 24,000 யூரோ, 6 டன்னுக்கு 18,000. தோட்டக்காரருக்கு நட்டம் வராமல் இருக்கவே விலை 4 யூரோ ஆக வேண்டும், அதற்கு மேல் குலை வெட்டிய கூலி. இந்த நிபந்தனை இருந்தால் ஹெக்டேர் கணக்கில் விலை பேசுவதே நேர்மை. இங்கே பழைய ஆட்கள் விலையை மிரியாகிராம்மோ கணக்கில் சொல்வார்கள், அது 10 கிலோ. கிலோ விலை என்று எண்ணிக் குழம்ப வேண்டாம்.

கொடிவெட்டு

ஏட்டுக்கணக்கு சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். 8 டன்னைத் தாண்டினால் என்ன என்று பலர் நினைக்கிறார்கள். கொஞ்சம் தாண்டினால் உபரிக்கு மட்டும் பார்பரெஸ்கோ பெயர் கிடைக்காது. விதிநூல் தரும் சலுகையையும் தாண்டினால் அந்தத் தோட்டத்தின் முழு விளைச்சலுக்கும் பெயர் போய்விடும். நிலப் பதிவேட்டில் உள்ள பரப்போடு அறுவடை அறிக்கை ஒத்துப்போகிறதா என்று கணினியிலேயே தெரிந்துவிடும், மறைக்க வழியில்லை.

முக்கியமான ஒன்றை இன்னும் யாரும் தொடவில்லை: தனிச்சரிவு ஒயின்கள். ப்ரொதுத்தோரி நல்ல ஆண்டுகளில் ஒன்பது சரிவுகளின் பழத்தைத் தனித்தனியே ரிசெர்வாவாக வெளியிடுகிறது: அசீலி, ரபயா, பொரா, மொந்தெஸ்தேஃபனோ, ஒவெல்லோ, பயே, மொந்தெஃபிகோ, முன்ககோத்தா, ரியோ சொர்தோ. தரம் போதாது என்றால் எல்லாம் சாதாரண பார்பரெஸ்கோவில் கலந்துவிடும், அந்த ஒயின் அவ்வாண்டு கூடுதல் செறிவு பெறும்.

இதற்குப் பின்னால் இருக்கும் வேலை தொட்டிக் கணக்கு. இங்கே நிலத்தை இன்றும் ஜொர்னாத்தா என்ற பழைய அளவில் சொல்வார்கள், ஏறத்தாழ 3,810 சதுர மீட்டர். ஒரு ஜொர்னாத்தாவில் உச்சபட்சம் 3 டன் பழம். 100 ஹெக்டோலிட்டர் (10,000 லிட்டர்) தொட்டியைச் சிவப்பு ஒயினுக்கு 80 விழுக்காடுதான் நிரப்பலாம், மேலே தோல் தொப்பிபோல எழும்பும். காம்பு நீக்கி நசுக்கிய பழம் ஒரு டன் 900 லிட்டருக்குச் சற்று மேல் இடம் பிடிக்கும் என்றால், அந்தத் தொட்டிக்கு 8.5 டன் தேவை. அதாவது ஒரே சரிவில் மூன்று ஜொர்னாத்தா, பெரும்பாலும் இரண்டு மூன்று குடும்பங்களுடையது. அத்தனை பேரும் ஒரே நாளில், மிஞ்சினால் அடுத்த நாள் காலைக்குள் பறித்தாக வேண்டும். ஒருவர் வெள்ளி, மற்றவர் செவ்வாய் என்று வந்தால், பாதித் தொட்டியில் முதல் பழம் நொதிக்கத் தொடங்கியிருக்கும், மேலே காற்று நிறைந்திருக்கும், தோல்தொப்பி காய்ந்து வினிகர் நெடி ஏறும். பிறகு குளிர்ந்த புதுப் பழத்தைக் கொட்டினால் நொதித்தல் தடுமாறி நின்றுவிடவும் கூடும்.

ஆகையால் சரிவு வாரியாக நாள் குறிப்பது ஆலைதான், தோட்டக்காரர் அல்ல. மழை வரப்போகிறது, இன்றே பறித்துவிடுகிறேன் என்று ஒருவர் துடிப்பார். இன்னும் ஐந்து நாளில் டானின் கனியும் என்று ஆலை சொல்லும். காத்திருக்கச் சொன்னது ஆலை என்றால், மழையில் குலை கெட்டால் அந்த இழப்பில் ஆலைக்கும் பங்கு இருக்க வேண்டும். ஆலை குறித்த நாளுக்கு முன் அழுகல் வந்தால் குறியீட்டில் எவ்வளவு வரை கழிப்பார்கள் என்பதைத் துணைவிதியிலேயே எழுதி வைக்கலாம். மலைச்சரிவு, நீங்கள் எந்தச் சங்கத்தின் துணைவிதியைப் புரட்டினாலும் முதலில் இந்த வரி இருக்கிறதா என்று தேடுங்கள்.

மலைச்சரிவு

தேடுகிறேன். ஒரு கடைசிக் கேள்வி: வட இத்தாலியின் ஆல்தோ அதிஜே பகுதியிலும் இதே புள்ளி முறைதானா?

தொட்டிக்காவல்

அடிப்படை அதுதான். அங்கே ஒயினில் ஏறத்தாழ 70 விழுக்காடு கூட்டுறவுகளிலிருந்து வருகிறது. தெர்லானோ சங்கம் 1893இலேயே தொடங்கியது. ஆனால் அங்கே ஒரு குடும்பத்துக்குச் சராசரி ஒரு ஹெக்டேர் அளவுதான், அதிலும் பல வகைத் திராட்சை. மேலே நெபியோலோவுக்குச் சொன்ன குலைக் கணக்கை ஸ்கியாவாவுக்கோ கெவுர்ஸ்த்ராமினருக்கோ அப்படியே போட்டால் தவறாகிவிடும். அங்கே பல தோட்டங்களில் பந்தல் முறை, குலை எடையும் மொட்டின் குணமும் வேறு. கொடிக்கு எத்தனை கிலோ என்பதிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.